வாழைத் தோட்டம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காவிரியின் வடகரையில், முசிறிக்கும் தொட்டியத்துக்கும் இடையில், எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வாழை வைத்து வருகிறது. புதிதாக நிலம் வாங்கியவர்கள், விடுமுறைக்கு வரும் உறவினர்கள், வேளாண் கல்லூரி மாணவர்கள் எனத் தோட்டத்துக்கு வருவோர் பலராக இருந்தாலும், அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உரம், தண்ணீர், இடைவெளி ஆகியவற்றின் அளவுகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையை ஒட்டியவை; மற்றவை பெரும்பாலும் வயலில் கண்டவை.

வாழை மரமா, செடியா? பிள்ளையின் பாடப் புத்தகத்தில் செடி என்று போட்டிருக்கிறதே?

புத்தகம் சொல்வது சரி. நாம் அடிமரம் என்று நினைப்பது உண்மையில் ஒன்றையொன்று இறுகச் சுற்றிய இலை மடல்கள்தான். அதில் கட்டை கிடையாது. செடியின் உண்மையான தண்டு மண்ணுக்கடியில் கிழங்காக இருக்கிறது. பருவம் வந்ததும் அந்தக் கிழங்கின் நடுவிலிருந்து பூந்தண்டு கிளம்பி, மடல்களுக்குள்ளேயே ஏறி, உச்சியில் குலையாக வெளிவருகிறது. மடல்களை உரித்துவிட்டு நாம் பொரியல் செய்யும் வாழைத்தண்டு அதுவே.

ஒரு கிழங்கின் உச்சி ஒரே ஒரு முறைதான் பூக்கும். ஆகவே ஒரு மரம், ஒரு தார். அதன்பின் பக்கக் கன்றுதான் தொடர வேண்டும். வழக்கத்தை விட மனமில்லாததால் கீழே எல்லா இடத்திலும் மரம் என்றே எழுதுகிறேன்.

விதையே இல்லாமல் எப்படிக் காய்க்கிறது?

காட்டு வாழைகளில் மிளகைவிடப் பெரிய, பல்லை உடைக்கும் விதைகள் உண்டு. நாம் உண்ணும் ரகங்கள் பெரும்பாலும் இரண்டு காட்டினங்களின் வழி வந்தவை. அவற்றில் பலவற்றுக்கு இரண்டுக்குப் பதிலாக மூன்று தொகுதி குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) இருப்பதால் விதை பிடிப்பதில்லை. மகரந்தச் சேர்க்கை நடக்காமலேயே காய் பருக்கிறது. பூவனில் மட்டும் சில தார்களில் காய் பருக்காமல், நடுவில் கெட்டியான திரளும் விதையும் வந்துவிடுவதுண்டு. அதைக் கொட்டை வாழை என்று தள்ளிவிடுவார்கள்.

விதை இல்லை என்பதற்கு விவசாயத்தில் ஒரு பெரிய விளைவு உண்டு. ஒவ்வொரு கன்றும் தாயின் அச்சு அசலான பிரதியாகவே இருக்கும். தாயின் ருசியும் வரும், தாயின் நோயும் வரும். இனி வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு செய்தியில்தான் போய் நிற்கும்.

எந்த ரகம் போட்டால் லாபம்?

நிலத்தையும் சந்தையையும் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு யார் பதில் சொன்னாலும் நம்ப வேண்டாம். எங்கள் பக்கத்துப் படுகை நிலங்களிலும் நஞ்சையிலும் பூவன், கற்பூரவல்லி, ஏலக்கி, ரஸ்தாளி ஆகியவை நன்றாக வருகின்றன. திருச்சி சந்தை அவற்றை வாங்கிக்கொள்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூரைச் சுற்றித் தோட்டக்கால்களில் (கிணற்றுப் பாசன நிலங்களில்) சொட்டுநீர் வைத்து ஜி-9 (கிராண்ட் நைன்) ரகத்தைப் பயிரிடுகிறார்கள். அங்கே தரம்பிரித்துப் பெட்டியில் அடைத்துத் தொலைதூரத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. கேரளச் சந்தையை நம்பி மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் பக்கம் நேந்திரன் போடுகிறார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் ஏரல், திருவைகுண்டம் வட்டாரத்தில் தாரோடு இலையும் பெரிய வியாபாரம். கன்னியாகுமரியின் மட்டி வாழை அந்த மண்ணோடு சேர்ந்தது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஜி-9 தார் சாதாரணமாக 25 முதல் 30 கிலோ வரை நிற்கும்; பூவன் 15 முதல் 20 கிலோ; நேந்திரன் அதிலும் குறைவு. எடையை மட்டும் பார்த்து ஜி-9க்குத் தாவுகிறவர்கள், அது தண்ணீரும் உரமும் தவறாமல் கேட்கும் ரகம் என்பதையும், வெட்டிய பின் கை பட்டால் கறுத்துவிடும் தோல் அதற்கு என்பதையும் கணக்கில் எடுப்பதில்லை. சைக்கிளில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனாலும் தாங்குவது பூவன்தான்.

பக்கத்துத் தோட்டத்தில் கன்று சும்மா தருகிறார்கள். வாங்கி நடலாமா?

சும்மா கிடைக்கும் கன்று சில சமயம் மிகுந்த விலை கேட்கும். பல ஆண்டுகளுக்கு முன் தெரிந்த ஒருவர் தோட்டத்திலிருந்து முந்நூறு கன்றுகளை வண்டி வாடகை மட்டும் கொடுத்து ஏற்றி வந்தேன். நான்காம் மாதத்தில் சில மரங்களின் குருத்திலைகள் விரியாமல் குறுகி, நிமிர்ந்து, ஒரு பூங்கொத்தைக் கையில் பிடித்தது போல உச்சியில் கூடின. இலைக் காம்பில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்றுகள் தெரிந்தன. முடிக்கொத்து நோய். கொடுத்தவர் தோட்டத்தை அதன்பிறகு போய்ப் பார்த்தபோது அங்கும் இரண்டு மரங்கள் அப்படி நின்றன. கேட்காமல் விட்டது என் தவறு.

ஆகவே கன்று எடுக்குமுன் தாய்மரத்தைப் பாருங்கள். நல்ல தார் போட்ட, இலையில் கோளாறில்லாத மரமாக இருக்க வேண்டும். கன்றுகளிலும் இரு வகை உண்டு. அடி பருத்து, இலைகள் ஈட்டி போலக் குறுகலாக இருப்பது ஈட்டிக்கன்று. அதுதான் நடுவதற்கு உரியது. சிறு வயதிலேயே அகன்ற இலை விரித்து, கிழங்கோடு மேலோட்டமாக ஒட்டியிருப்பது நீர்க்கன்று; பார்க்க அழகாக இருக்கும், தார் சிறுக்கும். கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடை இருக்கட்டும். வேரையும் அழுகிய பகுதியையும் சீவி எடுங்கள். கூன்வண்டின் துளையோ செம்பழுப்புக் கறையோ தெரிந்தால் அந்தக் கன்றைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

திசு வளர்ப்புக் கன்று என்றால் மரபணு மாற்றியதுதானே?

இல்லை. கிழங்கின் குருத்து நுனியை ஆய்வகத்தில் எடுத்து, சத்துக் கூழில் வளர்த்து, பலவாகப் பெருக்கி, பிறகு நிழல்வலைக் கூடத்தில் பழக்கித் தருகிறார்கள். மரபணுவில் எதையும் சேர்ப்பதில்லை. பக்கக் கன்று செய்யும் வேலையையே கண்ணாடிக் குடுவை விரைவாகச் செய்கிறது, அவ்வளவுதான்.

கிழங்கு வழியாக வரும் நூற்புழு, கூன்வண்டு, வாடல் பூஞ்சை ஆகியவை இதில் வருவதில்லை. ஒரே வயதுக் கன்றுகள் என்பதால் தார்களும் ஏறக்குறைய ஒன்றாக வெட்டுக்கு வரும். ஆனால் முடிக்கொத்து போன்ற நோய்களைத் தரும் வைரஸ் அப்படியல்ல. தாய்க் கிழங்கில் வைரஸ் இருந்து, அதைச் சோதிக்காமல் பெருக்கினால், ஆயிரக்கணக்கான கன்றுகளிலும் அது இருக்கும். எனவே வைரஸ் பரிசோதனை செய்த சான்று உண்டா என்பதுதான் நாற்றங்காலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. திசு வளர்ப்பு என்பதாலேயே நோய் எதிர்ப்பு வந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்; சுத்தமான கன்று நோயுள்ள மண்ணில் இறங்கினால் நோய் பிடிக்கும்.

ஏக்கருக்கு எத்தனை கன்று பிடிக்கும்?

ஆறடிக்கு ஆறடி என்றால் சுமார் 1,200. ஏழடிக்கு ஏழடி என்றால் சுமார் 890. ஜி-9, நேந்திரன் ஆகியவற்றுக்கு முதல் கணக்கும், பூவன், ரஸ்தாளி, மொந்தன் போன்றவற்றுக்கு இரண்டாவது கணக்கும் பொருந்தும். நெருக்கி வைத்தால் தார் எண்ணிக்கை கூடும், தார் எடை குறையும், இலைப்புள்ளி நோய் சீக்கிரம் பரவும்.

எந்த மாதம் நடுவது நல்லது?

தோட்டக்காலுக்கு ஜனவரி, பிப்ரவரியும் நவம்பர், டிசம்பரும். நஞ்சையில் பூவன், ரஸ்தாளி வகைகளுக்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, நேந்திரனுக்கு ஏப்ரல், மே. இதைவிட முக்கியமாக, வெட்டு எப்போது வரும் என்று பின்னோக்கி எண்ணுங்கள். ரகத்தைப் பொறுத்து 11 முதல் 15 மாதம் ஆகும். பொங்கலுக்கும் ஆவணி முகூர்த்தங்களுக்கும் விலை ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லோரும் அதையே எண்ணி நட்டால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குப் பழக்கப்பட்டதுதான்.

தினமும் தண்ணீர் விட வேண்டுமா?

சொட்டுநீர் இருந்தால் தினமும் விடுவதே நல்லது. நட்டது முதல் நான்காம் மாதம் வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 லிட்டர், ஐந்தாம் மாதம் முதல் குலை தள்ளும்வரை 10 முதல் 15 லிட்டர், அதன்பின் வெட்டுக்குப் பதினைந்து நாள் முன்வரை 15 லிட்டர் என்பது பரிந்துரை. வாழையின் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்ந்திருப்பதால், ஒரு வாரம் காயப்போட்டுவிட்டு அடுத்த வாரம் மூழ்கடித்து ஈடுகட்ட முடியாது. தண்ணீர் தேங்கினாலும் வேர் அழுகும். நஞ்சையில் வாழைக்கு வடிகால் வெட்டுவதுதான் முதல் வேலை.

தார் தள்ளின பிறகு நல்லா உரம் போட்டால் சீப்பு கூடுமா?

கூடாது. குலை வெளியே தெரிவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே, மடல்களுக்குள் மறைந்திருக்கும்போதே, எத்தனை சீப்பு என்பது முடிவாகிவிடுகிறது. வெளியே வந்தபின் போடும் உரம் காயைக் கொஞ்சம் பருக்கச் செய்யலாம். இல்லாத சீப்பைக் கொண்டுவராது. அதனால்தான் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) மூன்று, ஐந்து, ஏழாம் மாதங்களில் பிரித்துப் போடச் சொல்கிறார்கள்.

தோட்டக்காலில் நேந்திரன் அல்லாத ரகங்களுக்கு மரத்துக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 330 கிராம் சாம்பல்சத்து தேவை. கடை மூட்டைக் கணக்கில் சொன்னால், தழைச்சத்துக்குச் சுமார் 240 கிராம் யூரியாவும், சாம்பல்சத்துக்குச் சுமார் 550 கிராம் பொட்டாஷும் ஆகும். தழைச்சத்தைப் போல மூன்று மடங்கு சாம்பல்சத்து கேட்கும் பயிர் இது. யூரியாவை மட்டும் அள்ளிப்போட்டுக் கருகருவென இலையை வளர்த்துவிட்டு, காய் மெலிந்திருக்கிறதே என்று வருத்தப்படுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பக்கக் கன்றுகளை ஏன் வெட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்? பார்க்கப் பாவமாக இருக்கிறது.

அவை தாயின் கிழங்கிலிருந்தே சாப்பிடுகின்றன. எனவே குலை தள்ளும்வரை மாதம் ஒருமுறை எல்லாப் பக்கக் கன்றுகளையும் அறுத்துவிடுவோம். குலை வந்தபின் ஒரே ஒரு ஈட்டிக்கன்றை மறுதாம்புக்காக, அதாவது அதே கிழங்கிலிருந்து வரும் அடுத்த பயிருக்காக, விடுவோம். எல்லா மரத்திலும் ஒரே திசையில் இருக்கும் கன்றை விட்டால்தான் அடுத்த ஆண்டும் வரிசை கலையாது.

தாரை வெட்டியபின் தாய்மரத்தை உடனே அடியோடு சாய்க்காமல் பாதி உயரத்தில் வெட்டி விடுவது எங்கள் வழக்கம். அதிலுள்ள நீரும் சத்தும் மெல்ல இறங்கிக் கன்றுக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு மறுதாம்பிலும் கிழங்கு சற்று மேலே எழும்பிவிடும் என்பதால் மண் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு, மூன்று தாம்புக்குப்பின் தோண்டி எடுத்துவிட்டு மாற்றுப் பயிர் வைப்பதே நல்லது.

இலையும் அறுத்து, தாரும் எடுக்க முடியாதா?

இரண்டும் முழுதாகக் கிடைக்காது. காயைப் பருக்கவைக்கும் மாவுச்சத்தை இலைதான் செய்கிறது. குலை தள்ளும்போது மரத்தில் எட்டு, பத்து நல்ல இலையாவது நிற்க வேண்டும். பூ வந்தபின் புதிதாக ஓர் இலைகூட வராது. இலைக்காகவே வைப்பவர்கள் பூவன், கற்பூரவல்லி போன்ற கிழியாத இலையுள்ள ரகங்களை நெருக்கமாக நட்டு, தாரை இரண்டாம் வரவாகவே கருதுகிறார்கள்.

பூவை ஒடிப்பதும், தாருக்கு நீலப் பை போடுவதும் எதற்கு?

கடைசிச் சீப்பு விரிந்து சுமார் ஒரு வாரம் கழித்துத் தொங்கும் ஆண்பூவை ஒடித்தால், அது தின்னும் சத்து காய்க்குப் போகும். சமையலுக்கும் பூ ஆயிற்று. பை போடுவது வெயில், தூசி, பூச்சி, இலை உரசல் ஆகியவற்றிலிருந்து தோலைக் காப்பதற்கு. உள்ளூர்ச் சந்தையில் தோல் அழகுக்குத் தனி விலை கிடைக்காததால் பூவனுக்கு நாங்கள் பை போடுவதில்லை.

ஒரே காற்றில் எல்லாம் போச்சு என்கிறார்களே, வாழையில் அவ்வளவு ஆபத்தா?

ஆம். கட்டையில்லாத தண்டின் உச்சியில் இருபது கிலோ தொங்கும்போது, ஒரு மணி நேரக் காற்று போதும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரியிலும், 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிக் கழிமுகத்திலும் வாழைகளைப் படுக்க வைத்தன. பெயரில்லாத சித்திரை, வைகாசிச் சுழற்காற்றுகள் செய்யும் சேதம் செய்தியில்கூட வருவதில்லை.

சவுக்கு அல்லது மூங்கில் கழியால் முட்டுக்கொடுப்பது, தோட்ட ஓரத்தில் காற்றுத்தடுப்பாக அகத்தி அல்லது சவுக்கு வைப்பது, மண் அணைப்பது ஆகியவை உதவும். பயிர்க் காப்பீட்டுக்கு அறிவிக்கப்பட்ட பகுதியில் இருந்தால், கடைசித் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்ந்துவிடுங்கள். முட்டுக்கழிச் செலவை மிச்சப்படுத்த நினைத்த ஆண்டில்தான் எனக்குக் காற்று வந்தது.

எப்போது வெட்டுவது? மஞ்சள் ஆன பிறகா?

மரத்தில் மஞ்சளானால் அணிலுக்கும் வௌவாலுக்கும்தான். குலை தள்ளி 90 நாள் முதல் 120 நாளில், சில ரகங்களில் இன்னும் தள்ளி, காயின் பட்டை விளிம்புகள் மழுங்கி உருண்டு வரும். நுனியில் காய்ந்த பூ தொட்டால் உதிரும். உள்ளூருக்கு முக்கால் விளைச்சலுக்கு மேலும், தொலைதூரத்துக்கு முக்கால் விளைச்சலிலும் வெட்டுவார்கள். மரத்தைப் பாதியில் கீறிச் சாயவிட்டு, தாரைத் தோளில் வாங்கி, கீழே படாமல் இலைமேல் வைப்பது இருவர் வேலை.

கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. காம்பு பச்சையாக, பழம் மஞ்சளாக இருந்தால் கல் என்று பலரும் சொல்கிறார்கள். முறையாக எத்திலீன் வாயுவில் பழுத்த ஜி-9கூட அப்படித்தான் இருக்கும். கல் எனப்படும் கால்சியம் கார்பைடைக் கொண்டு பழுக்கவைப்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. அதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் வரக்கூடும் என்பதே காரணம். எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்துக்கு 100 பங்குவரை பயன்படுத்த அனுமதி உண்டு; பழமே பழுக்கும்போது வெளியிடும் வாயு அது. எங்கள் தாத்தா காலத்தில் அறையில் தார்களை அடுக்கி, சருகு கொளுத்திப் புகைமூட்டம் போட்டு மண்ணால் பூசியடைத்ததும், புகையிலுள்ள எத்திலீனின் வேலையே.

ஜி-9க்கு ஒரு குணம் உண்டு: வெயில் காலத்தில் குளிர்ச்சியில்லாமல் பழுத்தால் உள்ளே கனிந்தும் தோல் பச்சையாகவே நிற்கும். மஞ்சள் நிறம் வேண்டுமானால் 16 முதல் 18 டிகிரி அறை தேவை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுப்பது குளிரால் வரும் கேடுதான். 13 டிகிரிக்குக் கீழே வாழை தாங்காது.

அடி இலைகள் மஞ்சளாகி ஒடிந்து பாவாடை போலத் தொங்குகின்றன. என்ன மருந்து அடிக்க?

அடித்தண்டு நெடுக வெடித்திருந்தால், ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு வளையமும் புள்ளிகளும் தெரிந்தால் அது வாடல் நோய். மண்ணிலிருக்கும் பூஞ்சை வேர் வழியே ஏறி நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. பிடித்த மரத்தைக் குணமாக்கும் மருந்து எதுவும் கிடையாது. மரத்தை எடுத்து எரித்துவிட்டு, அந்தக் குழிக்குச் சுண்ணாம்பு இட்டு, அங்கிருந்து வரும் பாசன நீர் மற்ற மரங்களுக்குப் போகாமல் வாய்க்காலைத் திருப்புங்கள். ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன், ஏலக்கி ஆகியவற்றை இது எளிதில் பிடிக்கும். பூவனும் நேந்திரனும் தாங்கும்.

வாடல் வராது என்றுதானே எல்லோரும் ஜி-9க்கு மாறினார்கள்?

உலகமும் அப்படித்தான் மாறியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மத்திய அமெரிக்கப் பெருந்தோட்டங்களில் குரோ மிஷேல் என்ற ஒரே ரகத்தை மைல் கணக்கில் வைத்திருந்தார்கள். வாடல் பூஞ்சை அதை அழித்தபோது, 1960கள் வாக்கில் கேவண்டிஷ் குழுவுக்கு மாறினார்கள். ஜி-9 அந்தக் குழுவைச் சேர்ந்ததே. இப்போது அதே பூஞ்சையின் வேறொரு வகை, வெப்பமண்டல நான்காம் இனம் எனப்படுவது, கேவண்டிஷையும் தாக்குகிறது. 2019இல் கொலம்பியாவில் உறுதியானது. இந்தியாவில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டாம் பதிலில் சொன்ன பிரதி என்ற விஷயம் இங்கே வந்து நிற்கிறது: ஒரு மரத்துக்கு எதிர்ப்பு இல்லையென்றால் எந்த மரத்துக்கும் இல்லை. வெளிமாநிலக் கிழங்கை வாங்காதீர்கள் என்று திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

மலை வாழைக்கு என்ன ஆயிற்று? பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அதுதானே?

அதுதான், விருப்பாச்சி. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் காப்பித் தோட்ட நிழலில், பன்னிரண்டு அடி இடைவெளியில், பல ஆண்டுகள் நிற்கும் பயிர் அது. நீர்ச்சத்துக் குறைவாகவும் மணம் மிகுதியாகவும் இருப்பதால் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கிறது. அதைச் சிதைத்தது, என் தோட்டத்துக்கு இலவசக் கன்றில் வந்த அதே முடிக்கொத்து நோய். மலையில் கைமாறிய பக்கக் கன்றுகளும், சாறு உறிஞ்சும் பூச்சியான கறுப்பு அசுவினியும் அதைப் பரப்பின. வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளால் மீட்கும் முயற்சி நடந்து, ஓரளவு திரும்பியிருக்கிறது.

முடிக்கொத்து கண்ட மரத்தை உடனே வெட்டினால் அதிலிருக்கும் அசுவினி பறந்து பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் அசுவினியைக் கொல்லும் மருந்தை அடித்துவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி எடுங்கள். ஊடுபயிராகப் பூசணியும் வெள்ளரியும் வேண்டாம். அவை வேறொரு வைரஸுக்கும் இடம் கொடுக்கும்.

ரஸ்தாளியில் வாடல் வந்துவிட்டது. எத்தனை வருஷம் கழித்து மறுபடி அதே இடத்தில் போடலாம்?

பூஞ்சையின் கெட்டித் தோல் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். நெல் போட்டுத் தண்ணீர் கட்டினால் குறையும், முற்றிலும் போகாது. ஆகவே வருடக் கணக்கு சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் பூவன் போடுங்கள் என்பேன். எங்கள் கீழவயலில் ரஸ்தாளி வைப்பதை விட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்கு வேண்டிய நான்கு மரங்கள் மட்டும் கொல்லையில், கிணற்றடியில் நிற்கின்றன. கீழவயலுக்குப் போகும் மண்வெட்டி அங்கே வராது. அதற்கென்று தனியாக ஒன்று கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம்.